ஹீமோகுளோபின் 18 என்று வந்தால்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் ‘ரத்தம் கம்மி’ என்ற பேச்சு அடிபடாத வீடு குறைவு. விடியக்காலையில் ஜீப்பில் மெட்டு என்கிற மலைப்பாதை ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்கும் பெண்கள் அசதி என்று டாக்டரிடம் போனால், பெரும்பாலும் சத்து மாத்திரைச் சீட்டோடுதான் வருவார்கள். வீட்டு வைத்தியமும் எல்லோருக்கும் மனப்பாடம்: முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல், சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரல். ஆகவே ரத்தம் என்றாலே அது கூட்ட வேண்டிய ஒன்று என்று மனசில் பதிந்துபோய்விட்டது. அளவுக்கு மேல் கூடினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

லேப்பில் ரத்தம் எடுத்துப் பரிசோதிப்பது என் தொழில். ஹீமோகுளோபின் 18 என்று ரிப்போர்ட் வாங்குகிற ஆள் பெரும்பாலும் சந்தோஷப்படுவார். “நமக்கு நல்ல ரத்தம்ணே” என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் காட்டுகிறவர்களும் உண்டு. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வருகிறவர் நேர் எதிர். ரத்தப் புற்றுநோய் என்று தானாகவே முடிவு கட்டியிருப்பார். இரண்டுமே அவசரம். எதனால் கூடியது என்று தெரிந்த பிறகுதான் அது நோயா, மருந்து வேண்டுமா என்ற பேச்சே எழும்.

முதலில் அடிப்படை. நம் ரத்தத்தில் பெரும் எண்ணிக்கையில் இருப்பவை சிவப்பணுக்கள். அவற்றுக்குள் இருக்கும் புரதம்தான் ஹீமோகுளோபின். இரும்புச் சத்தைக் கொண்ட இந்தப் புரதம் நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய் உடம்பு முழுக்க இறக்கிவிடுகிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். சாகிறவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் புதிய அணுக்களைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

பெரியவர்களில் ஆண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 13 முதல் 17 கிராம் வரை, பெண்களுக்கு 12 முதல் 15 வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். லேப்புக்கு லேப் கொஞ்சம் மாறும். ஆணுக்கு 16.5-ஐயும் பெண்ணுக்கு 16-ஐயும் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்பது ரத்தநோய் மருத்துவர்கள் வைத்திருக்கும் கோடு. பிறந்த குழந்தைக்கு இது பொருந்தாது. தாயின் வயிற்றில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் பச்சைக் குழந்தைக்கு 17, 18 இருப்பது சாதாரணம்.

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபினுக்குக் கீழே பி.சி.வி. என்று இன்னொரு வரி இருக்கும். சில லேப்பில் அதையே ஹீமட்டோக்ரிட் என்று போடுவார்கள். இந்தத் தலைப்பில் ஹீமோகுளோபினைவிட முக்கியமான எண் அதுதான், ஆனால் நிறையப் பேர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, மெஷினில் வைத்து வேகமாகச் சுற்ற வேண்டும். நின்றதும் எடுத்துப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பாகச் சிவப்பணுக்கள் படிந்திருக்கும். அதற்கு மேல் நூல் பருமனில் ஒரு வெளிறிய கோடு, அது வெள்ளையணுக்களும் தட்டணுக்களும். அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா என்கிற நீர்ப்பகுதி. மொத்த உயரத்தில் சிவப்புப் பகுதி நூற்றுக்கு எத்தனை பங்கோ அதுதான் பி.சி.வி. ஆணுக்கு 49, பெண்ணுக்கு 48 தாண்டினால் அதுவும் மேலே சொன்ன கோட்டைத் தாண்டியதாகத்தான் கணக்கு. இப்போதெல்லாம் எண்ணும் மெஷின் தானே கணக்குப் போட்டுத் தந்துவிடுகிறது; குழாயைச் சுற்றிப் பார்க்கிற லேப்புகள் குறைந்துவிட்டன.

ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் ஏறக்குறைய பி.சி.வி. வரவேண்டும் என்பது லேப்பில் வேலை பார்க்கிறவர்களின் பழைய கணக்கு. 18 என்றால் 54 பக்கம். ஹீமோகுளோபின் 18, பி.சி.வி. 44 என்று வந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். அப்போது குழாயைச் சுற்றிப் பார்ப்பேன். சில சமயம் மேலே நிற்கும் பிளாஸ்மா தெளிவாக இல்லாமல் வெள்ளை வெளேரென்று கலங்கி நிற்கும். டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக இருக்கிறது; அந்தக் கலங்கல் வெளிச்சத்தைத் தடுக்க, மெஷின் அதையும் ஹீமோகுளோபின் கணக்கில் சேர்த்துவிட்டது. அந்த ஆளுக்கு ரத்தம் கூடவே இல்லை, பார்க்க வேண்டியது கொழுப்பை. கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, நரம்பு கிடைக்கவில்லை என்று ரொம்ப நேரம் தேடிக்கொண்டிருந்தாலும் எண் கொஞ்சம் ஏறிக் காட்டும்.

சரி, எண் உண்மையிலேயே கூடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, சிவப்பணு கூடியதா, தண்ணீர் குறைந்ததா என்பது. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்கத் திராட்சைக் கொடியைக் கவாத்து பண்ணின வேலை, இவற்றில் எதுவானாலும் பிளாஸ்மா வற்றும். சிவப்பணு அதே எண்ணிக்கையில்தான் இருக்கும், ஆனால் விகிதம் ஏறிவிடும். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கிற நீர் மாத்திரையும் இதைச் செய்யும். நன்றாகத் தண்ணீர் குடித்து, இரண்டொரு வாரம் கழித்துத் திரும்ப எடுத்தால் பலருக்கு எண் இறங்கிவிடும். நீர் மாத்திரை சாப்பிடுகிறவர் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடிக்க வேண்டும்.

இங்கே ஒரு புது விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இப்போது நம் பக்கத்துச் சின்ன மருந்துக் கடையில்கூடக் கிடைக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து. இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு பி.சி.வி. இரண்டு மூன்று புள்ளி ஏறுவது சகஜம். நீர் போவது ஒரு காரணம். அந்த மருந்து மஜ்ஜையையும் கொஞ்சம் தூண்டுகிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்து அது. டாக்டரிடம் சாப்பிடுகிறேன் என்று சொன்னால் போதும், வீண் அலைச்சல் மிச்சம்.

தண்ணீர் விஷயம் இல்லை, சிவப்பணுவே கூடியிருக்கிறது என்றால் விவகாரம் சுவாரசியமாகிறது. மஜ்ஜை எத்தனை அணு செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது மஜ்ஜை இல்லை, சிறுநீரகம். ரத்தத்தில் வரும் ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்ததும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். அது மஜ்ஜைக்குப் போய்ச் சிவப்பணு உற்பத்தியை முடுக்கிவிடும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் வெளிறிப்போய் இருப்பதற்கும், அவர்களுக்கு இதே ஹார்மோனை ஊசியாகப் போடுவதற்கும் காரணம் இதுதான். உடம்பின் செல்கள் ஆக்சிஜன் குறைவதை எப்படி உணர்கின்றன என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா என்ற மூவருக்கு மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.

ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு கூடும் என்பதை மலையேறியே பார்த்துவிட்டார்கள். பிரான்சுக்காரரான வியோ 1890-இல் பெரு நாட்டு மலைக்குப் போய், ஏறிய சில வாரங்களில் தன் ரத்தத்தில் சிவப்பணு எண்ணிக்கை எகிறியதை எண்ணிக் காட்டினார். நம் மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் லடாக்கின் லே நகரில் இருந்துவிட்டு வந்தவர் இறங்கிய கையோடு ரத்தம் கொடுத்தால் எண் கூடித்தான் இருக்கும். கீழே வந்த சில வாரங்களில் தானாகக் குறையும். ஆண்டிஸ் மலையில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களில் சிலருக்கு இந்த ஏற்றம் கட்டுமீறிப் போய் நோயாகவே மாறுகிறது. பெரு மருத்துவர் கார்லோஸ் மோங்கே 1925-இல் அதை விவரித்தார். அதே உயரத்தில் வாழும் திபெத்தியர்களுக்கோ ஹீமோகுளோபின் அவ்வளவாக ஏறுவதில்லை, அவர்களுடைய மரபணு அப்படி. உயரத்துக்குப் பழகுவது என்றால் ரத்தம் கூடுவதுதான் என்ற நம் நினைப்பைத் திபெத்தியர்கள் பொய்யாக்கிவிட்டார்கள்.

இதைச் சொன்னதும் மூணாறுக்காரர்கள் கேட்பார்கள், நாங்களும் மலையில்தானே இருக்கிறோம் என்று. மூணாறு டவுன் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் சுமார். தேயிலைத் தோட்டத்து லயங்களில் இன்னும் கொஞ்சம் உயரத்தில் இருப்பவர்களும் உண்டு. அந்த உயரத்துக்கு அரை கிராம், மிஞ்சினால் ஒரு கிராம் கூடலாம். 15 இருக்க வேண்டியவருக்கு 18.5 வந்ததற்கு மூணாறைக் கைகாட்ட முடியாது. குமுளி இன்னும் கீழே. அங்கே இருப்பவர்கள் அந்தக் காரணத்தை மறந்தே விடலாம். குளிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு என்பதுதான் கணக்கு.

நம் பக்கத்தில் உண்மையான காரணம் பெரும்பாலும் புகை. பீடி, சிகரெட் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். பற்றிய ஹீமோகுளோபின் வேலைக்கு ஆகாது. உடம்புக்கு ஆக்சிஜன் பற்றாமல் சிறுநீரகம் ஹார்மோனைச் சுரக்க, மஜ்ஜை கூடுதலாகச் செய்கிறது. ஆக, பீடிக்காரரின் 18-இல் ஒரு பங்கு வேலை செய்யாத சரக்கு. சன்னல் இல்லாத லயத்து அடுப்படியில் நாற்பது வருஷம் விறகு ஊதிய பாட்டிகளுக்கு வேறு வழியில் இதே கதி. நுரையீரல் கெட்டு, மூச்சிரைப்பு வந்து, ஆக்சிஜன் குறைகிறது. பெண்ணுக்கு எங்கே ரத்தம் கூடப்போகிறது என்று நினைத்து அவர்களுடைய ரிப்போர்ட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் மெஷின் வீட்டில் கிடக்கிறதே, அதில் 98 காட்டுகிறது, எனக்கு ஆக்சிஜன் குறைவில்லை என்று பீடி குடிப்பவர் வாதாடினால் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியது என்றே அந்த மெஷின் காட்டும். இரண்டையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

குறட்டையும் இந்தப் பட்டியலில் உண்டு. ராத்திரி முழுக்கக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திடுக்கென்று விழிக்கிறவருக்குத் தூக்கத்தில் ஆக்சிஜன் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். பகலில் டாக்டர் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். அதனால்தான் விவரமான டாக்டர் நோயாளியை விட்டுவிட்டு அவர் சம்சாரத்திடம் கேள்வி கேட்பார். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு இருந்து உதடு நீலம் பாரித்த பிள்ளைகளுக்கும் ரத்தம் கெட்டியாகும். அப்புறம், ஜிம்மில் உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிற பையன்கள். வீட்டில் மறைக்கலாம், பி.சி.வி. காட்டிக்கொடுத்துவிடும். அரிதாக, சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ உள்ள கட்டி அந்த ஹார்மோனைத் தானே சுரந்துகொண்டிருக்கும். காரணம் பிடிபடாதபோது வயிற்று ஸ்கேன் எழுதுவது அதற்காகத்தான், வசூலுக்காக என்று நினைத்துவிட வேண்டாம்.

பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மான்டிரான்டாவின் கதையும் தெரிந்திருப்பது நல்லது. 1960-களில் ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம் வாங்கியவர். ஹீமோகுளோபின் 20-க்கு மேல். ஊக்கமருந்து என்று சந்தேகப்பட்டார்கள். பிற்பாடு ஆராய்ந்தால், எரித்ரோபாய்ட்டினுக்கு மஜ்ஜை அளவுமீறித் துள்ளும்படி ஒரு மரபணு மாற்றம் குடும்பத்திலேயே இருந்தது. எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்து 2013-இல் இறந்தார். அதே ஹார்மோனை ஊசியாகப் போட்டு ஜெயிக்கலாம் என்று சைக்கிள் பந்தயக்காரர்கள் இறங்கியபோதுதான், 1997-இல் ஹீமட்டோக்ரிட் 50-ஐத் தாண்டினால் பந்தயத்தில் இறங்கக்கூடாது என்று விதி வந்தது.

ரத்தம் கூடினால் ஆக்சிஜனும் கூடத்தானே போகும், கெடுதல் எங்கே? ஓட்டத்தில். பி.சி.வி. ஏற ஏற ரத்தம் கெட்டியாகும். 50-ஐத் தாண்டினால் கெட்டியாவது வேகம் பிடிக்கும். தண்ணீர் விட்டுக் கரைத்த கேப்பைக்கூழ் சொம்பு மூக்கில் சரசரவென்று இறங்கும், அதே கூழ் கெட்டியாக இருந்தால் தட்டித் தட்டி ஊற்ற வேண்டும். மூளை, இதயம், கண் இவற்றின் மெல்லிய குழாய்களில் ஓட்டம் மந்தமாகும். தலைபாரம், கண் மங்கல், காதில் இரைச்சல், அசதி எல்லாம் இதனால் வரும். ரத்தம் கம்மியானாலும் அசதி, கூடினாலும் அசதி. அதனால் அறிகுறியை மட்டும் வைத்து டானிக் வாங்கிக் குடிப்பது ஆபத்து.

கடைசியாக, எல்லோரும் பயப்படுகிற காரணம். ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, சிறுநீரகம் கேட்கவே இல்லை, ஆனாலும் மஜ்ஜை தன்பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கிறது. பாலிசைதீமியா வெரா என்று பெயர். பிரெஞ்சு மருத்துவர் வாக்கே 1892-இல் முதலில் விவரித்தார். காரணம் தெரிய நூறு வருஷத்துக்கு மேல் ஆனது: 2005-இல் ஜாக்-2 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு அந்த மாற்றம் இருக்கிறது. பிறவியில் வருவதில்லை, நடுவில் ஒரு மஜ்ஜை செல்லில் தோன்றிப் பெருகுகிறது. பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் தெரியவரும், இளவயதிலும் உண்டு. மெதுவாகப் போகும் ரத்தப் புற்றுநோய் வகையில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் இடிந்துபோகிறார்கள். ஆனால் ஒழுங்காக மருத்துவம் பார்த்துக்கொண்டு பல வருஷம் நடமாடுகிறவர்கள்தான் அதிகம்.

இதற்கு ஒரு விசித்திரமான அறிகுறி உண்டு. வெந்நீரில் குளித்துவிட்டு வந்ததும் உடம்பெல்லாம் பிய்த்துக்கொண்டு போகிற அரிப்பு. தோலில் தடிப்போ படையோ ஒன்றும் இருக்காது. சோப்பை மாற்றுவார்கள், எண்ணெயை மாற்றுவார்கள், சேராத சாப்பாடு என்று கத்தரிக்காயை நிறுத்துவார்கள். அரிப்போடு முகமும் கண்ணும் சிவந்திருந்தால், விரல் நுனிகள் எரிந்தால், கொஞ்சம் சாப்பிட்டதுமே இடது விலாவுக்குக் கீழே நிறைந்த மாதிரி இருந்தால், ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த இடத்தில் இருப்பது மண்ணீரல், இந்த நோயில் வீங்கும். வெள்ளையணுவும் தட்டணுவும்கூடச் சேர்ந்து ஏறியிருந்தால் சந்தேகம் வலுக்கும்.

கண்டுபிடிக்க எரித்ரோபாய்ட்டின் அளவும் ஜாக்-2 பரிசோதனையும் எழுதுவார்கள். உடம்பு கேட்டதால் கூடியிருந்தால் ஹார்மோன் கூடுதலாகவோ சாதாரணமாகவோ இருக்கும். மஜ்ஜை தானாகச் செய்தால் ஹார்மோன் அடங்கிக் கிடக்கும். அடுத்து ரத்தநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கத்துக்காரர்கள் தேனி க.விலக்கு அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி மதுரைக்குப் போவார்கள், மெட்டுக்கு மேலே இருப்பவர்களுக்குக் கோட்டயம் மெடிக்கல் காலேஜ் தோது.

வைத்தியம் கேட்க எளிமையாக இருக்கும். ரத்தத்தை எடுத்துவிடுவதுதான். ஒரு தடவைக்கு 350 முதல் 450 மில்லி வரை, பி.சி.வி. 45-க்குக் கீழே இறங்கி நிற்கும்வரை. ஏன் 45? 2013-இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்றில் 365 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை 45-க்குக் கீழேயும் மற்றவர்களை 45-க்கும் 50-க்கும் நடுவிலும் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் இதய, ரத்தக்குழாய் அடைப்பால் வந்த சாவும் பெரிய பாதிப்பும் ஏறத்தாழ நாலு மடங்கு. கூடவே சின்ன அளவில் ஆஸ்பிரின். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே அடைப்பு வந்தவர்களுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாதிரி மாத்திரை. ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்க வேண்டாம், வயிற்றில் ரத்தக் கசிவு வந்தால் அது தனிக் கதை.

ரத்தம் எடுத்து எடுத்து இரும்புச் சத்து குறைந்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய்ச் சுவரொட்டியும் இரும்பு டானிக்கும் கொடுக்க ஆரம்பிப்பார்கள். சாப்பாட்டுக்கு விலக்கில்லை, ஆனால் டாக்டர் சொல்லாமல் இரும்பு மாத்திரை போட்டால் மஜ்ஜைக்குச் சரக்கு கிடைத்த மாதிரி, எண் மறுபடி குதித்து ஏறும்.

இன்னொரு பேச்சு: “ரத்தம் கூட இருக்குதா? கேம்ப்ல குடுத்துரு மாப்ள, நாலு பேருக்கு உதவும்.” ரத்த தான முகாமில் 12.5-க்குக் குறையாமல் இருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். காரணம் தெரியாமல் கொடுத்தால் எண் கொஞ்ச நாளைக்கு இறங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். பாலிசைதீமியா வெரா என்று தெரிந்துவிட்டால் அந்த ரத்தத்தை அடுத்தவருக்கு ஏற்றமாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஹீமோகுளோபின் 12, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை 60 லட்சத்துக்கு மேல், எம்.சி.வி. என்ற அணுவின் அளவு 65. இதுவும் ‘சிவப்பணு அதிகம்’தான், ஆனால் ரத்தம் கெட்டியாவதில்லை, அணுக்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. பெரும்பாலும் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் இவர்கள். அவர்களுக்குத் தொல்லை ஒன்றும் இருக்காது. கணவன் மனைவி இருவருமே சுமந்தால்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு கடுமையான நோய் வர. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுகிற ஊரில், கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனையை இருவரும் செய்துவிடலாம்.

வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால், நெஞ்சு வலித்தால், திடீரென்று ஒரு கண் தெரியாமல் போனால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கக்கூடாது. மற்றவர்களுக்கு இரண்டொரு வாரம் அவகாசம் உண்டு. காலையில், தண்ணீர் குடித்துவிட்டு, பீடி சிகரெட் பிடிக்காமல் வந்து திரும்ப ரத்தம் கொடுங்கள். டாக்டரிடம் போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், ஜிம் ஊசி உள்பட. பழைய ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் கிடந்தால் தேடிப் பாருங்கள். பத்து வருஷமாக 17 இருப்பவரும், போன வருஷம் 14 இருந்து இப்போது 17 ஆனவரும் டாக்டருக்கு ஒன்றல்ல.